கார்ப்பரல் சகாதேவனை மறந்துவிட்டோமா?

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றைக்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். புக்கிட் கெப்போங் என்றால் என்ன? பதில் உடனே வரும். 1950 பிப்ரவரி 23 விடியற்காலையில் கம்யூனிஸ்டுகள் சுற்றி வளைத்த காவல் நிலையம், கடைசி வரை சரணடையாமல் மடிந்த காவலர்கள், அதை வைத்து 1981இல் ஜின்ஸ் ஷம்சுடின் எடுத்த மலாய்ப் படம். பள்ளிப் பாடத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். நல்லது. நாட்டுக்காக உயிர்விட்டவர்களை அப்படித்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது அடுத்த கேள்வி. துப்பறியும் கார்ப்பரல் ஆர். சகாதேவன் யார்?

பிள்ளைகள் விழிப்பார்கள். பிள்ளைகளை விடுங்கள், நாற்பது வயதைத் தாண்டிய நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? "அல் மாவுனா விவகாரத்தில் செத்துப்போனாரே, ஒரு தமிழர்..." என்று இழுப்பவர்கள் சிலர். அதற்கு மேல் தெரியாது. பெயரைக்கூட நாம் ஒழுங்காக வைத்திருக்கவில்லை. ரோமன் எழுத்தில் சகாதேவன், சாகதேவன், சங்காதேவன் என்று பத்திரிகைக்கு ஒரு விதமாக எழுதினார்கள். இன்றும் கட்டுரைக்குக் கட்டுரை எழுத்து மாறுகிறது. ஐந்தாவது பாண்டவனின் பெயர் அது. திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரில் பிறந்த எவருக்கும் தெரிந்த பெயர். அதையே திருத்திக் கொடுக்க நம்மில் ஒருவர்கூட முன்வரவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பேராக் மாநிலம் கிரிக் வட்டாரத்தில் இரண்டு இராணுவ முகாம்கள். இராணுவ அதிகாரிகள் போல உடையணிந்து, பஜேரோ வண்டிகளில் வந்து, "திடீர்ச் சோதனை" என்று சொல்லி ஆயுதக் கிடங்கைத் திறக்க வைத்தது ஒரு கும்பல். தொண்ணூறுக்கும் மேற்பட்ட எம்16 துப்பாக்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள், எறிகுண்டு ஏவும் கருவிகள், ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் ஆகியவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காவலுக்கு நின்றவர்கள் சல்யூட் அடித்து வழியனுப்பாத குறைதான்! நாட்டின் இராணுவக் கிடங்கை இவ்வளவு சுலபமாகக் காலி செய்ய முடிந்தது என்பதே தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே அது வேண்டாம்.

செய்தது அல் மாவுனா என்ற குழு. தலைவன் முகமது அமின் முகமது ரசாலி, முன்னாள் இராணுவச் சிப்பாய். தற்காப்புக் கலை, உள் ஆற்றல், உடம்பில் ஆயுதம் ஏறாது என்றெல்லாம் சொல்லி ஆள் சேர்த்தவன். ஆயுதங்களோடு கோலகங்சாருக்கு அருகே உள்ள சாவுக் வட்டாரத்தில் புக்கிட் ஜெனாலிக் என்ற குன்றில் ஏறிக்கொண்டார்கள். அரசாங்கத்தைக் கவிழ்ப்பது நோக்கம்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கொள்ளையடித்த ஆயுதங்களைக் கொண்டு அவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தாக்குதல் நடத்தினார்கள். கார்ல்ஸ்பெர்க், ஆங்கர் ஆகிய இரண்டு பீர் ஆலைகள் குறிவைக்கப்பட்டன. மூன்றாவதாகக் குறிவைக்கப்பட்டது எது தெரியுமா? பத்துமலை. ஆம், நாம் தைப்பூசத்திற்குக் காவடி எடுத்துச் செல்லும் பத்துமலைக் கோயில். உயிர்ச்சேதம் இல்லை என்பதால் செய்தி பெரிதாகவில்லை. ஆனால் அந்த ஆயுதங்கள் புக்கிட் ஜெனாலிக்கில் மடக்கப்படாமல் நாடு முழுக்கப் பரவியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மடக்கப்பட்டதற்குக் காரணம், குன்றின் அடிவாரத்துக் கிராம மக்கள். காட்டுக்குள் அந்நியர் நடமாட்டம் இருப்பதாகப் போலீசுக்குத் தகவல் கொடுத்தவர்கள் அவர்கள்தான், மலாய்க்காரக் கிராமவாசிகள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன். தகவலின் பேரில் வேவு பார்க்கப் போனவர்கள் காவல் துறையின் சிறப்புப் பிரிவைச் சேர்ந்த இருவர்: சார்ஜன் முகமது ஷா அகமது, கார்ப்பரல் சகாதேவன். சாதாரண உடையில் போனார்கள், பிடிபட்டார்கள். இராணுவத்தின் சார்பில் போன கமாண்டோ வீரர் மேத்யூ அனாக் மெடானும் பிடிபட்டார். அவர் சரவாக்கைச் சேர்ந்தவர். தன் டுரியான் தோட்டத்துக்குப் போன ஜாபார் பூத்தே என்ற கிராமவாசியும் மாட்டிக்கொண்டார்.

ஆக, நான்கு பிணையாளிகள். இருவர் முஸ்லிம்கள், உயிரோடு திரும்பினார்கள். ஓர் இந்து, ஒரு கிறிஸ்தவர். அவர்கள் இருவரும் சித்திரவதை செய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டு அந்தக் காட்டிலேயே புதைக்கப்பட்டார்கள்.

அவர்கள் பட்ட பாட்டை இங்கே நான் விவரிக்கப் போவதில்லை. நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது போதும். அதை எழுதி யாருடைய ஆத்திரத்தைக் கிளறுவது? அவரைப் பெற்றவர்களும் உடன் பிறந்தவர்களும் படித்த வேதனையை நாமும் வரி வரியாகப் படிக்க வேண்டியதில்லை.

அதே வாரத்தில் குன்று பாதுகாப்புப் படையினர் வசமானது. லெப்டினன்ட் ஜெனரல் ஜைனி முகமது சைட் நேரில் போய் அமினோடு பேசி, சரணடைய வைத்தார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான ஸ்ரீ பாலாவான் காகா பெர்காசா அவருக்கு வழங்கப்பட்டது. சகாதேவனுக்கும் மேத்யூவுக்கும் இறந்த பிறகு வீர விருது வந்தது. 29 பேர் மீது, மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக வழக்கு. 10 பேர் குறைந்த குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். அமின் உட்பட நால்வர் 2006 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தூக்கிலிடப்பட்டார்கள். மற்றவர்களுக்கு ஆயுள் தண்டனை. சட்டம் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. நம் வேலைதான் பாக்கி.

இங்கே சில வாசகர்களின் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. "போலீசைப் பற்றி நாம் எழுதுவது வேறு மாதிரி ஆயிற்றே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். இந்தப் பக்கங்களில் போலீஸ் என்ற சொல் வரும்போதெல்லாம் லோக்கப் மரணம் என்ற சொல்லும் கூடவே வரும். ஏ. குகன், 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். அந்த மரணத்திற்குப் போலீஸ் பொறுப்பு என்று 2013இல் உயர் நீதிமன்றம் சொன்னது. என். தர்மேந்திரன், 2013 மே, கோலாலம்பூர் போலீஸ் தலைமையகம். ஏ. கணபதி, 2021. பெயர்கள் நீண்டுகொண்டே போகும். அது மட்டுமா? 2007 நவம்பர் 25 அன்று விடியற்காலையில் பத்துமலை வளாகத்தில் கூடியிருந்த நம் மக்கள் மீது கண்ணீர்ப் புகை அடித்தது எந்தப் படை? ஏழு ஆண்டுகளுக்கு முன் எந்தக் கோயில் மீது தீவிரவாதிகள் கைவைத்தார்களோ, அதே கோயில் வாசலில்!

இன்னும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சகாதேவன் இருந்தது சிறப்புப் பிரிவில். நம் கூட்டங்களில் கடைசி வரிசையில் சாதாரண உடையில் உட்கார்ந்து, யார் என்ன பேசுகிறார் என்று குறிப்பெடுக்கிறார்களே, அந்தப் பிரிவு. நம் தலைவர்களை 2007 டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே தள்ளியபோது கோப்புகளைத் தயாரித்த பிரிவு. சகாதேவன் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால், நம் கூட்டம் ஒன்றில் அவரே வந்து உட்கார்ந்திருக்கலாம். மரத்தடியில் டீ குடித்துக்கொண்டே, "என்ன அண்ணே, இன்னைக்குக் கூட்டம் கம்மியா இருக்கே?" என்று தமிழில் கேட்டிருக்கலாம்.

அதனால் அவரை நினைக்கக் கூடாதா?

நினைக்க வேண்டும் என்பதே என் கருத்து. போலீஸ் படை என்ற அமைப்பு செய்யும் தவறுகளும், அந்தச் சீருடைக்குள் இருந்த ஒரு மனிதன் தன் கடமையில் உயிர் விட்டதும் இரண்டு கணக்குகள். ஒன்றை மற்றொன்றில் கழித்துவிட முடியாது. குகனுக்காக நீதி கேட்ட வாய் சகாதேவன் பெயரையும் சொல்லலாம். சொன்னால் நம் கோரிக்கை வலுக்கும் என்றுகூட நான் சொல்வேன். 2005 மே மாதம் அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. காவலர்களின் தவறுகளை விசாரிக்க அதிகாரம் உள்ள சுயேச்சை ஆணையம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. ஆனால் மறந்துவிட வேண்டாம், காவலர்களின் குடியிருப்பு, சம்பளம், பணிச்சூழல் ஆகியவை மோசமாக இருப்பதையும் அதே அறிக்கைதான் எடுத்துச் சொன்னது. பிறகு என்ன ஆனது? பதினெட்டு ஆண்டுகள் இழுத்தடித்து, 2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது பல் பிடுங்கப்பட்ட ஐ.பி.சி.சி. கேட்டது புலி, கிடைத்தது பூனை. நேர்மையான காவலரைப் பொறுத்தவரை, லோக்கப்பில் அடித்துக் கொல்பவன் அவரோடு ஒரே சீருடையைப் போட்டுக்கொண்டு அதை அழுக்காக்குகிறவன். சகாதேவன் போட்ட சீருடை அது.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு ஆபத்து உண்டு, வாசகர்களே. அது நமக்குள்ளேயே இருக்கிறது. சகாதேவன் போன்ற பெயர்கள் எப்போது மேடைக்கு வருகின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? நம்மை யாராவது "பெண்டாத்தாங்" என்று, வந்தேறிகள் என்று ஏசும்போது மட்டும் வரும். உடனே நம் அரசியல்வாதி ஒருவர் எழுந்து, "நாங்களும் இந்த நாட்டுக்காக இரத்தம் சிந்தினோம், சகாதேவனைப் பாருங்கள், சயாம் மரண ரயிலைப் பாருங்கள், ரப்பர்த் தோட்டங்களைப் பாருங்கள்" என்று பட்டியல் வாசிப்பார். கைத்தட்டல் கிடைக்கும். மறுநாள் பட்டியல் மறுபடியும் பெட்டிக்குள் போய்விடும்.

எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். குடியுரிமை இரத்தத்தை அளந்து வாங்கும் பொருளா? மெர்டேக்கா அரசியலமைப்பு நமக்குக் கொடுத்த உரிமைக்கு, ஒரு தாய் பெற்ற பிள்ளையின் சடலத்தை ரசீதாகக் காட்ட வேண்டுமா? புக்கிட் கெப்போங் காவலர்களை நினைவுகூரும் மலாய்க்கார நண்பர்கள், "பார், நாங்கள் விசுவாசிகள்" என்று யாரிடமும் நிரூபிக்க அவர்களை நினைக்கவில்லை. அவர்களுக்காகவே நினைக்கிறார்கள். சகாதேவனுக்கும் அதே மரியாதை வேண்டும். சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவதற்காக அவரை எழுப்பாதீர்கள்.

இன்னொரு திசையும் இருக்கிறது, அது இன்னும் மோசம். நான்கு பேரில் யார் தப்பினார்கள், யார் கொல்லப்பட்டார்கள் என்பதை மேலே எழுதினேன். அதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதவெறி யாரைத் தேர்ந்தெடுத்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இதை எடுத்துக்கொண்டு, "பார்த்தாயா, அவர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று வாட்சாப்பில் அனுப்புகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தகவல் கொடுத்த கிராமத்தார் யார்? சகாதேவனோடு தோளோடு தோள் நின்று காட்டுக்குள் போன சார்ஜன் முகமது ஷா யார்? அவரும் அதே குன்றில் கட்டுண்டு கிடந்தவர்தானே. கூட்டாளி கொல்லப்பட்ட இடத்திலிருந்து தான் மட்டும் திரும்பி வருவது லேசான காரியமா? ஆயுதமேந்திய கும்பலின் நடுவே நடந்து போன ஜெனரல் ஜைனி யார்? வழக்கை நடத்தி, தண்டனை வாங்கிக் கொடுத்தவர்கள் யார்? அல் மாவுனாவை முறியடித்ததில் பெரும்பங்கு மலாய்க்காரர்களுக்கே. சகாதேவன் பெயரைச் சொல்லி இனவெறுப்பைப் பரப்புவது, அமின் ரசாலி செய்ய நினைத்த வேலையை நாம் முடித்துக் கொடுப்பதாகிவிடும்.

மேத்யூவையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் பத்திரிகைகள் தமிழரைப் பற்றி மட்டும் எழுதும், சரவாக் பத்திரிகைகள் மேத்யூவைப் பற்றி மட்டும் எழுதும். ஒரே குன்றில் மடிந்த இருவரை நாம் இரண்டு கடல்களாகப் பிரித்து வைத்திருக்கிறோம். நம் அடையாள அட்டையில் "அனாக் லெலாக்கி" என்று போடுகிறார்கள், இன்னாரின் மகன் என்று. சரவாக் சகோதரர்களுக்கு வெறும் "அனாக்". அவரும் யாரோ ஒருவரின் பிள்ளை, இவரும் யாரோ ஒருவரின் பிள்ளை. சிறுபான்மை உரிமை என்று பேசுகிற நாம் தென்சீனக் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு கைகோக்க வேறு காரணம் தேட வேண்டாம்.

அப்புறம், அந்தச் "சன்டிவாரா" பேச்சு. அன்றைக்கு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். 1998இல் அன்வார் பதவி நீக்கம், 1999 நவம்பரில் பொதுத் தேர்தல், அதைத் தொடர்ந்து அரசாங்கம் சொல்லும் எதையும் பாதி ஜனம் நம்பாத காலம். கிரிக் கொள்ளை நடந்த உடனேயே, "இது மகாதீர் அரசாங்கத்தின் நாடகம்" என்ற பேச்சு எதிர்க்கட்சி மேடைகளில் கிளம்பியது. நம்மவர்களிலும் பலர் காபிக் கடையில் தலையாட்டினார்கள். அரசாங்கத்தைச் சந்தேகிப்பது குடிமகனின் உரிமை, நான் மறுக்கவில்லை. இவ்வளவு ஆயுதம் எப்படிப் போனது என்று கேட்டதும் நியாயம். ஆனால் நாடகம் என்றால், நடித்து முடித்ததும் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா? சகாதேவனும் மேத்யூவும் எழுந்து வரவில்லையே! அரசியல் இலாபத்துக்காகச் சொன்ன அந்த ஒரு சொல், இரண்டு குடும்பங்களின் துக்கத்தின் மீது எறிந்த கல். கல்லெறிந்தவர்களில் ஒருவராவது அந்தக் குடும்பங்களிடம் போய் வருத்தம் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, இப்போது நம் பிள்ளைகள் விஷயத்திற்கு வருவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு. போலீஸ் படையில் நம் பங்கு அதைவிட வெகு குறைவு. எஸ்டேட் காலத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தமிழ் சார்ஜன், ஒரு பஞ்சாபி இன்ஸ்பெக்டர் இருந்த காலம் உண்டு. பெயர் பெற்ற வாட் 69 காட்டுப்படையை வழிநடத்தியவர்களில் ஏ. நவரத்தினமும் ஒருவர். அந்தப் படையின் கதையைப் புத்தகமாகவே எழுதினார். அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றபோது அவர்கள் இடத்துக்கு நம்மவர் போதிய அளவில் வரவில்லை.

காரணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆள் எடுக்கும் இடத்தில் நம் பிள்ளைகளுக்குக் கதவு அகலமாகத் திறக்கவில்லை என்ற புகார் பழையது, பதவி உயர்வில் தேங்கிப் போகிறார்கள் என்ற புகார் அதைவிடப் பழையது. மறுபக்கம், நம் வீடுகளில் "போலீஸ் வேலையா, வேண்டாம்பா" என்கிற பேச்சு. லோக்கப்பில் அண்ணன் அடி வாங்கிய தெருவில் தம்பி எப்படி விண்ணப்பப் பாரம் நிரப்புவான்? இந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விலை என்ன என்று யோசியுங்கள். இரவு பத்து மணிக்கு மகளைக் காணவில்லை என்று ஓடி வரும் ஒரு தாய்க்கு மலாயும் சரியாக வராது. முகப்பில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. புகார் அரைகுறையாகப் பதிவாகிறது. அங்கே ஒரு சகாதேவன் உட்கார்ந்திருந்தால், "உட்காருங்கம்மா, மெதுவா சொல்லுங்க" என்ற ஒரு வார்த்தை கிடைத்திருக்கும். அந்த வார்த்தையின் மதிப்பு அந்தத் தாயைத் தவிர யாருக்குத் தெரியும்?

தமிழ்க் காவலர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் இனத்தவரே நம்மவரை அடித்த கதைகளும் நமக்குத் தெரியும். ஆகவே எண்ணிக்கையும் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறக்கச் சொல்லும் பேரத்திற்கு நாம் தலையாட்டக் கூடாது.

2024 மே 17 அன்று ஜொகூர் உலு திராம் காவல் நிலையத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? விடியற்காலையில் முகமூடி அணிந்து வந்த ஒருவன் இரண்டு இளம் காவலர்களைக் கொன்றான். இருவரும் மலாய்ப் பையன்கள், இருபதுகளில் இருந்தவர்கள். அவர்கள் படத்தைப் பார்த்தபோது எனக்குப் புக்கிட் ஜெனாலிக்தான் நினைவுக்கு வந்தது. வெறி வந்தவனுக்கு முதலில் எதிரே தெரிவது சம்பளத்துக்கு இரவுக் காவல் நிற்கும் சாதாரணக் காவலர்தான், எந்த இனமானாலும். அந்த இரண்டு பெற்றோருக்கும் நம் சமுதாயத்திலிருந்து எத்தனை அமைப்புகள் அனுதாபக் கடிதம் அனுப்பின? அனுப்பியவர்களுக்கு நன்றி. அனுப்பாதவர்கள், சகாதேவனுக்கு மற்றவர்கள் ஏன் அஞ்சலி செலுத்தவில்லை என்று கேட்கும் முன் இதை யோசிக்கலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குச் சில யோசனைகள். பெரிய சிலை, மண்டபம் எதுவும் வேண்டாம், சிலை வைத்தால் மாலை போட அமைச்சரைத் தேட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் வாரம் நம் தமிழ்ப்பள்ளிகளில் காலைச் சபைகூடலில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, சகாதேவன், மேத்யூ ஆகிய இருவரின் பெயரையும் சொல்லி, நடந்ததைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஓர் ஆசிரியர் எடுத்துச் சொன்னால் போதும். ஜூலை 31 தேசிய வீரர்கள் தினம் வருகிறது, அதற்கு முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். பேராக்கில் உள்ள கோயில் நிர்வாகங்கள் ஒரு நாள் அர்ச்சனை செய்யலாம், செலவு அதிகமில்லை. வரலாற்றுப் பாடநூல் குழுவில் இருக்கும் நம்மவர்கள், புக்கிட் கெப்போங்குக்குப் பக்கத்தில் புக்கிட் ஜெனாலிக்குக்கும் ஒரு பத்தி கேட்க வேண்டும், இருவர் பெயரோடும் சேர்த்து.

எல்லாவற்றையும் விட அவசரமானது இன்னொன்று. சகாதேவன் காலத்தில் அவரோடு பணியாற்றிய தமிழ், பஞ்சாபி, மலையாளிக் காவலர்கள் இப்போது ஓய்வு பெற்று ஈப்போவிலும் தைப்பிங்கிலும் கோலகங்சாரிலும் சுங்கை சிப்புட்டிலும் இருக்கிறார்கள். வயதாகிறது. இரகசியச் சட்டத்துக்கு உட்பட்ட விஷயங்களை யாரும் கேட்க வேண்டாம். அவர் எப்படிப்பட்ட மனிதர், எப்படிச் சிரிப்பார், எந்தக் கடையில் சாப்பிடுவார், பந்து விளையாடுவாரா, வீட்டைப் பற்றி என்ன பேசுவார் என்பது போதும். அவர் சாவைப் பற்றி நீதிமன்ற ஏடுகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அவர் வாழ்ந்ததைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட என் கண்ணில் படவில்லை. குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யாமல், அவர்கள் விரும்பினால் மட்டும், அவர்களிடமும் கேட்கலாம்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். பேச்சு முடிந்து கிளம்பும்போது மறக்காமல் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் தன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவார்?